எங்கை போறாய் என்று கேட்கிற ஊர்

ரொறன்ரோவில், ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் எங்கள் அப்பார்ட்மென்ட் வாசலில் ஒருவர் குனிந்து சப்பாத்து மாட்டும்போது அவரிடம் கேட்கவே கூடாத கேள்வி ஒன்று உண்டு. "எங்கை போறாய்?" கேட்டால் போச்சு, போகிற காரியம் உருப்படாது. கேட்கப்பட்டவர் சப்பாத்தைக் கழற்றி, உள்ளே வந்து, செற்றிக் கதிரையில் உட்கார்ந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி வெளிக்கிடலாம். இதை ஜனவரியில் செய்து பாருங்கள். பூட்ஸ், ஜக்கெற், கையுறை, தொப்பி, சால்வை என்று எல்லாவற்றையும் களைந்து, எல்லாவற்றையும் திரும்ப மாட்டி முடிப்பதற்குள் இரண்டு பஸ் போய்விடும்.

என் தம்பி இதை நன்றாகத் தெரிந்துகொண்டவன். எனக்குப் பரீட்சை இருக்கும் நாளாகப் பார்த்துக் கேட்பான், அதுவும் இங்கிலிஷில். இங்கிலிஷில் கேட்டால் தோஷம் உண்டா இல்லையா என்று ஒருநாள் வீட்டில் பெரிய விவாதம். அம்மா வெங்காயம் வெட்டியபடியே தீர்ப்புச் சொன்னார்.

"ஏன், சகுனத்துக்குப் பாஷை தெரியாதோ? வந்து இரடி."

இப்படி வளர்ந்த நான், முதன்முதலாகத் தனியாகப் பயணம் போக எந்த ஊரைத் தெரிவுசெய்யக் கூடாதோ, சரியாக அந்த ஊரைத் தெரிவுசெய்தேன்.

ரொறன்ரோவில் இப்போது மழைக்காடுகளைக் காப்பாற்றும் காய்ச்சல் அடிக்கிறது. பல்கலைக்கழகத்துக் கன்ரீன் சுவர் முழுக்கப் பச்சைப் படங்கள். என்னிடமும் ஒரு ரீசேட் இருந்தது: பெரிய மஞ்சள் சொண்டுப் பறவை, கீழே 'காட்டைக் காப்போம்'. நான் படிப்பது மின்பொறியியல். போர்ணியோவின் இந்தோனேசியப் பக்கத்தில், ஆற்றின் தலைமாட்டில் உள்ள ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குச் சூரியத்தகடு ஒன்று வாங்கக் காசு சேர்த்திருக்கிறார்கள், கொண்டுபோய்ப் பூட்ட ஓர் ஆள் வேண்டும் என்று பேராசிரியர் சொன்னார். அவர் வசனத்தை முடிக்குமுன் கையைத் தூக்கிவிட்டேன். அட்லஸில் தேடிப் பார்த்தது பிறகு.

அம்மா அசையவில்லை.

"சனம் இரண்டாயிரமாம் ஆண்டு வருகுதெண்டு கொம்பியூட்டர் படிக்குது. நீ காட்டுக்குப் போகப் போறியோ? காடுதான் வேணுமெண்டால் வன்னியிலையே இருந்திருக்கலாமே, பிள்ளை. ஏஜென்சிக்காரனுக்கு அவ்வளவு காசைக் கொட்டிப்போட்டு இஞ்சை ஏன் வந்தனாங்கள்?"

ஆனாலும் தை மாதக் கடைசியில் வெளிக்கிட்டேன். சூரியத்தகட்டை அம்மாவின் பழைய போர்வைக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்தார்கள். நான் படி தாண்டும்வரை தம்பியின் வாயில் அம்மாவின் உள்ளங்கை இருந்தது.

* * *

கடைசி இரண்டு நாளும் வள்ளத்தில். ஒடுங்கிய நீட்டு வள்ளம், பின்னால் நீளக் கம்பில் பூட்டிய எஞ்சின். ஓட்டியவர் ஜாலுங் என்ற மெலிந்த மனிதர். முதல் நாள் முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. இரண்டாம் நாள் ஆற்றில் ஒரு பாறை எங்கள் எஞ்சின் விசிறியைக் கடித்தபிறகு நிறையப் பேசினார். அத்தனையும் ரொறன்ரோ நூலகத்தில் நான் எடுத்த மொழிக் கசெட்டில் இல்லாத சொற்கள்.

தண்ணீர் குறைந்த இடங்களில் எல்லோரும் இறங்கி வள்ளத்தை இழுக்க வேண்டும். நான் சூரியத்தகட்டைத் தலையில் வைத்துக்கொண்டு முழங்காலளவு நீரில் நடந்தேன். கரையில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்துச் சிரித்து உட்கார்ந்தே விட்டார்கள். ஜாலுங் அவர்களிடம் ஏதோ சொன்னார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"கனடாவிலை இருந்து மேசை கொண்டுவாறா எண்டு சொன்னனான்."

இங்கே ஒரு விஷயம். அந்த ஊரில் எனக்குக் கேட்டதெல்லாம் இந்தோனேசிய மொழி. ஆனால் ஞாபகத்தில் எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழிலேயே பேசுகிறார்கள். திருத்த முயன்றேன், முடியவில்லை. அப்படியே எழுதுகிறேன்.

ஊர் என்றால் ஆற்றங்கரையில் ஒரே ஒரு வீடுதான். எங்கள் அப்பார்ட்மென்ட் கட்டடத்தின் ஒரு மாடியைப் பிடுங்கி, காட்டுக்குள் மரக்கால்களில் நிறுத்தியது போல. ஒரே கூரை, வரிசையாகக் கதவுகள், ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு குடும்பம், முன்னால் எல்லாருக்கும் பொதுவான நீள விறாந்தை. பின்னேரம் எந்த வீட்டில் என்ன கறி என்று மூக்காலேயே சொல்லிவிடலாம். இதிலும் டோர்செட் பார்க்தான். ஒரேயொரு வித்தியாசம், இங்கே லிஃப்ட் பழுதாவதில்லை. ஏறுவதற்கு வெட்டுப்படி போட்ட ஒற்றை மரக்குற்றி, அவ்வளவுதான்.

நான் தங்கியது புலான் என்ற பெண்ணின் அறையில். நாற்பது வயதிருக்கும், விறாந்தையின் அந்தத் தலைப்பு வரை கேட்கிற குரல். அவருடைய தங்கை மார்தாதான் பள்ளிக்கூட ஆசிரியை. மார்தாவின் மகள் யூலிக்கு ஆறு வயது. வருகிற ஆடியில்தான் முதலாம் வகுப்பு, ஆனால் தாய் முன்கூட்டியே தைத்துவிட்ட சிவப்புப் பாவாடையையும் வெள்ளைச் சட்டையையும் அவள் இப்போதே கழற்ற மறுத்துக்கொண்டிருந்தாள்.

* * *

முதல் காலை. தோளில் துவாயோடு ஆற்றுக்குக் குளிக்கக் கிளம்பினேன். வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்த புலான் நிமிர்ந்து பார்த்து, முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டார்.

"கெ மானா?"

எங்கே போகிறாய்! அந்த நாட்டில் இது 'எப்படிச் சுகம்' என்பது போல, அன்பான விசாரிப்பு. கசெட்டின் இரண்டாம் பாடத்திலேயே வருகிறது. மண்டைக்குத் தெரிகிறது, கால்களுக்கு யார் சொல்வது? அவை தாமாகத் திரும்பின. உள்ளே வந்தேன், பாயில் இருந்தேன், ஒரு மிடறு தண்ணீர் குடித்தேன்.

புலானின் முகம் மாறிவிட்டது. வெளியே போன விருந்தாளி திரும்பி வந்து உட்கார அந்த ஊரில் ஒரே ஒரு காரணம்தான் உண்டு. வீட்டில் சாப்பாடு இருக்கையில் அதைத் தீண்டாமல் போகக் கூடாது. போனால் பாம்பு கடிக்கும், மரம் விழும், வள்ளம் கவிழும். அந்தக் கேட்டுக்குத் தனியாக ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். வந்தவள் ஞானம் பிறந்து திரும்பி வந்துவிட்டாள் என்று நினைத்த புலான், மூங்கிலில் அவித்த கட்டிச் சோற்றை என் முன்னால் வைத்தார். தின்றேன். எழும்பினேன்.

அடுத்த கதவு. "கெ மானா?" என்னைக் கேட்டவரின் வாசலிலேயே இருந்துவிட்டேன். அங்கே மரவள்ளிக் கிழங்கு. அதற்கடுத்த கதவில் புகையில் வாட்டிய மீனும் கோப்பியும். மரக்குற்றிப் படியோ விறாந்தையின் கடைசியில் இருந்தது. ஆற்றை அடைந்தபோது எனக்குக் குளிக்கத் தெம்பில்லை. ஒரு கல்லில் சாய்ந்து நித்திரையாகிவிட்டேன்.

இப்படியே மூன்று காலைகள். கனடாவில் பஞ்சமோ என்று ஊருக்குள் பேசிக்கொண்டார்களாம். நான்காம் நாள் புலான் என்னை இருத்திவைத்து விசாரித்தார். அம்மாவின் சட்டத்தை விளக்கினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, சட்டென்று நிறுத்தினார்.

"சிரிக்கக் கூடாது. எங்கடை அப்பாவுக்குப் பறவை. வெளிக்கிடேக்கை பிழையான பக்கத்திலை கத்திச்சுதெண்டால் திரும்பி வந்திடுவார். ஒருக்கா மூண்டு நாள் வள்ளத்திலை ஏறேல்லை. இப்ப நாங்கள் வேதக் கோயிலுக்குப் போற ஆக்கள், பறவையைப் பாக்கிறேல்லை."

"உண்மையாவோ?"

"மற்றவை பாக்கேக்கை பாக்கிறேல்லை."

பிறகு அவருக்கு ஒரு சந்தேகம். "அப்ப உங்கடை ஆக்கள் ஒருத்தர் எழும்பிப் போகேக்கை ஒண்டுமே கேக்கமாட்டினமோ? வாயைப் பொத்திக்கொண்டு இருப்பினமோ?"

"கேப்பம். 'தூரமோ?' எண்டு கேப்பம். அது பிழையில்லை."

"தூரமோவோ! இஞ்சையிருந்து எல்லாம் தூரம்தானே. மறுமொழி தெரிஞ்ச கேள்வியை ஆராவது கேப்பினமோ?"

அன்றைக்குத்தான் தங்கள் சட்டத்தில் உள்ள பொந்தையும் சொன்னார். வயிறு நிரம்பியிருந்தால் சாப்பிட வேண்டாம். விரலால் தட்டைத் தொட்டு உதட்டில் வைத்தால் போதும், தோஷம் கழிந்தது.

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே!"

"நீ சாப்பிடுற வடிவைப் பாத்து ஒருத்தருக்கும் சொல்ல மனம் வரேல்லை."

* * *

பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, தகரக் கூரையோடு ஒரே அறை. கூரையில் ஏறித் தகட்டைப் பூட்டி, உள்ளே பற்றரியோடும் விளக்கோடும் தொடுத்தேன். கீழே ஏணி பிடிக்க வந்தவர்களை எண்ணினால் சபையே கூடியிருந்தது. ஒருவர் என் ரீசேட்டை உற்றுப் பார்த்தார்.

"உதென்ன பறவை? எங்கடை பறவை மாதிரிக் கிடக்கு. ஆனால் கொம்பு எங்கை?"

அவர்களுடைய காட்டில் இருப்பது மண்டையில் கொம்பு முளைத்த இருவாய்ச்சி. என் நெஞ்சில் இருந்தது வேறு கண்டத்துப் பறவை. ரொறன்ரோவில் அச்சடித்தவர்களுக்கு எல்லாச் சொண்டும் ஒன்றுதான். சொன்னேன். அன்று முழுக்க என் பறவைக்கு இரக்கப்பட்டார்கள்.

பொழுதுபட்டதும் விளக்கைப் போட்டேன். "ஆ" என்று ஒரு சத்தம் எழும்பியது. எனக்கு நெஞ்சு விம்மியது. அடுத்தது புலானின் குரல்:

"மார்தா, உன்ரை பள்ளிக்கூடம் இவ்வளவு ஊத்தையோடி?"

மறுநாள் ஊரே சேர்ந்து பள்ளிக்கூடத்தைக் கழுவியது. என் பொறியியலால் அந்த ஊருக்குக் கிடைத்த முதல் பயன் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை புலானோடு காட்டுக்குள் பிரம்பு வெட்டப் போனேன். மரங்களைப் பார்த்துப் பார்த்து வாய் ஓயாமல் வியந்தேன். காட்டைக் காப்பாற்றுவது பற்றி ரொறன்ரோவில் நாங்கள் எப்படியெல்லாம் கூட்டம் போடுகிறோம் என்று சொன்னேன். அவர் ஓர் அட்டையைக் காலிலிருந்து பிடுங்கியபடி கேட்டார்.

"உங்கடை ஊரிலை காடு எங்கை கிடக்கு?"

"முந்தி இருந்தது. வெட்டிப்போட்டினம்."

"பிறகு?"

"அதிலைதான் வீடு கட்டியிருக்கு. எங்கடை கட்டடமும்."

"நல்ல வீடோ?"

"குழாயைத் திருப்பினால் சுடுதண்ணி வரும்."

அவர் ஒரு பிரம்பை வெட்டி இழுத்தார். "காடு எனக்கும் விருப்பம்தான். இது இல்லாட்டி அரிசியும் இல்லை, மீனும் இல்லை. ஆனால் போன வருசம் பல்லுக் குத்தி, பட்டணத்து டொக்டரிட்டை மூண்டு நாள் வள்ளத்திலை அழுதழுது போனனான். கூட்டம் போடேக்கை அதையும் சொல்லு."

இளைஞர்கள் பலர் ஆற்றின் கீழ்ப்பக்கம் மரம் வெட்டும் கம்பனி முகாமில் இருந்தார்கள். ஊரில் மிஞ்சி இருந்தவர்களின் ஆசைகளைக் கேட்டேன். ஒருவனுக்கு லொறி ஓட்ட வேண்டும். ஒருத்திக்குத் தாதி ஆக வேண்டும், ஆனால் சம்பளம் வாங்கிக்கொண்டு இதே விறாந்தைக்குத் திரும்பிவர வேண்டும். மிளகு நட்டவர்களும் இருந்தார்கள், நட்டுவிட்டு விலையைக் கேட்டுப் படுத்தவர்களும் இருந்தார்கள். காட்டைக் கும்பிடுகிறவர்களை நான் எதிர்பார்த்துப் போயிருந்தேன். கண்டது ஸ்காபரோவில் காணும் ஆட்களைத்தான்: பிள்ளை படிக்க வேண்டும், பல்லுக்கு வைத்தியர் வேண்டும், வாடிக்கையான சாப்பாடு மாறக் கூடாது.

பிள்ளை படிக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல் இருந்தது.

* * *

மார்தா அதை விளக்கு வெளிச்சத்தில் கொப்பி திருத்திக்கொண்டே சொன்னார். வகுப்பில் பத்துப் பிள்ளைகளுக்குக் குறைவாக இருந்தால் பள்ளிக்கூடத்தை மூடுவது என்று மாவட்டக் கல்விக் கந்தோரில் பேச்சு. பார்த்துப் போக ஓர் அதிகாரி வருகிறார். அவர் தன் கண்ணால் காண்கிற தலைகள்தான் கணக்கு.

"உங்களிட்டை பத்துக்கு மேலை இருக்குத்தானே?"

"இருபதுக்குக் கிட்ட இருக்கு. ஆனால் இப்ப நெல்லு வெட்டுக் காலம். எல்லாரும் தாய் தகப்பனோடை மேலை வயல் குடிசையளிலை. எப்பவும் இப்பிடித்தான், அரிசியை விட்டுட்டு ஆரும் வாறேல்லை. வியாழக்கிழமை வரச்சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறன். அவரும் வியாழன்தான் வாறார்."

"மூடினால்?"

"கீழை விடுதிப் பள்ளிக்கூடம். ரெண்டு நாள் வள்ளம்." அவர் தலையைத் தூக்காமல் சொன்னார். "யூலி ராவிலை இன்னும் என்ரை சட்டை நுனியைப் பிடிச்சுக்கொண்டுதான் படுக்கிறவள்."

யூலி மூலையில் சீருடையோடு நித்திரையாகிக் கிடந்தாள். என் தகட்டின் கதியும் அதேதான். பள்ளிக்கூடம் இல்லையென்றால் தகடும் கந்தோருக்குப் போய்விடும். ஆனால் அன்று முதன்முறையாக எனக்குத் தகட்டைப் பற்றிய கவலை இரண்டாவதாகத்தான் வந்தது.

அதிகாரி புதன்கிழமை பின்னேரமே வந்து இறங்கினார்.

பெயர் ஹெர்மன். 'ஐயா' என்பது போல எல்லாரும் பாக் ஹெர்மன் என்றார்கள். தொப்பையும் மென்குரலும் கொண்ட மனிதர். ஆறு வற்றுகிறது, அதனால் ஒரு நாள் முன்னதாக வந்தேன், காலையில் பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு உடனே இறங்குகிறேன் என்றார். மார்தா சிரித்தபடியே வெளிறிப் போனார்.

இரவுச் சாப்பாட்டில் புலான் என் கதையை எடுத்துவிட்டார், விறாந்தை முழுக்க ஒரே சிரிப்பு. ஹெர்மன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"உண்மையிலை நடக்குமோ, பிள்ளை? கேட்டாப் பிறகும் போனால்?"

"என்ரை மாமாவைக் கேட்டவை. அவர் சிரிச்சுப்போட்டுக் காரை எடுத்தவர். கெனடி ரோட்டுச் சந்தியிலை பின்பக்கம் முழுக்க நெளிஞ்சு போச்சு."

இது உண்மை. மாமா சிவப்பு விளக்கில் பின்னோக்கி எடுத்தார் என்பதையும் சொல்லியிருக்கலாம். சாப்பாட்டு நேரத்தில் ஏன் அதிகம் பேசுவது என்று விட்டுவிட்டேன்.

"என்ரை தகப்பனும் ஆத்தங்கரை ஆள்தான்" என்றார் ஹெர்மன். "அவருக்குப் பறவை." கழுத்தைத் தடவிக்கொண்டார்.

* * *

வியாழன் காலை பள்ளிக்கூடத்தில் ஆறு பிள்ளைகள். ஹெர்மன் வாசலில் நின்று பார்த்தார். முன்வாங்குப் பலகையில் கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக இருந்த யூலியையும் பார்த்தார்.

"இவ?"

"வாற ஆடிக்குத்தான், பாக்" என்றார் மார்தா. பொய் சொல்லத் தெரியாத ஆள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஹெர்மன் தலையாட்டினார். துறையிலிருந்து அவருடைய வள்ளக்காரன் தண்ணீர் இறங்குது, இறங்குது என்று கத்திக்கொண்டிருந்தான். மேல் வயல்களிலிருந்து வள்ளங்கள் வர மதியம் ஆகும். அதுவரை இந்த மனிதரை எப்படிப் பிடித்து வைப்பது?

புலான் ஆயத்தமாகவே இருந்தார். ஹெர்மன் தன் பையை எடுக்க வீட்டுக்குள் வந்து திரும்பியபோது ஒவ்வொரு கதவிலும் ஒரு பெண், ஒவ்வொரு கையிலும் ஒரு தட்டு. சோறு, பன்றி இறைச்சி, கிழங்கு, பலகாரம். தீண்டாமல் போக முடியாது. ஒரு கதவுக்குக் கால் மணி நேரம் என்றாலும் மதியம் தாண்டிவிடும் என்று நான் கணக்குப் போட்டேன்.

அவரோ தட்டைத் தொட்டார், உதட்டில் வைத்தார், நகர்ந்தார். தொட்டார், வைத்தார், நகர்ந்தார். வெள்ளிக்கிழமை கோயிலில் வேலைக்குப் பிந்தியவர்கள் தீபத்தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பாய்வார்களே, அதே வேகம். பெண்கள் தட்டுகளோடு திகைத்து நின்றார்கள். அவர்களுடைய சட்டத்தில் பொந்து இருக்கிறது. அம்மாவின் சட்டத்தில் இல்லை!

புலானின் காதில் ஒரு வரி சொன்னேன். அவர் கண்கள் விரிந்தன.

ஹெர்மனின் ஒரு கால் மரக்குற்றிப் படியில் இருந்தபோது அவர் முதுகுக்குப் பின்னால் தேன் போலப் புலானின் குரல்.

"பாக், கெ மானா?"

கால் அந்தரத்தில் நின்றது. அவர் திரும்பி முதலில் பார்த்தது என்னைத்தான். அம்மா செய்வது போலக் கன்னத்தில் கையை வைத்து, நாக்கால் 'ச்சு' கொட்டினேன், அவ்வளவுதான். அவர் கெனடி ரோட்டை நினைத்தாரோ தகப்பனின் பறவையை நினைத்தாரோ தெரியாது. பையை இறக்கி வைத்தார்.

"ஒரு மிடறு தண்ணி தாங்கோ."

இருந்தவருக்குக் கோப்பி வராமல் இருக்குமா? கோப்பி வந்தால் பலகாரம் வராமல் இருக்குமா? குடித்து எழும்பினார். இரண்டாம் கதவு கேட்டது. இருந்தார். மூன்றாம் கதவு. கதவுக்குக் கதவு கதைகள் நீண்டன. ஒரு வீட்டில் கோழி காணாமல் போன கதையை ஆதியிலிருந்து சொன்னார்கள். கோழி எங்கள் காலடியில்தான் மேய்ந்துகொண்டிருந்தது. துறையில் வள்ளக்காரன் கத்துவதை நிறுத்திவிட்டுப் பாட்டுப் பாடத் தொடங்கியிருந்தான்.

சூரியன் உச்சிக்கு ஏறியது. ஆற்றில் ஒரு வள்ளமும் இல்லை. கதவுகள் முடிந்துவிட்டன, கதைகளும் முடிந்துவிட்டன. மார்தா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து தமக்கையின் தோளைப் பிடித்தார்.

"போதும் அக்கா. பாவம், அவரும் சொன்ன வேலையைச் செய்யிற மனுசன். விடுங்கோ."

ஹெர்மன் படியிறங்கினார். ஒருவரும் எங்கே என்று கேட்கவில்லை. எல்லாருமாக மெல்ல அவருக்குப் பின்னால் துறைக்கு நடந்தோம். மார்தா யூலியின் கையைப் பிடித்திருந்தார், யூலிக்கு நோகிற அளவுக்கு.

ஹெர்மன் ஒரு காலை வள்ளத்தில் வைத்தார். மற்றக் காலைத் தூக்கவில்லை. அப்படியே நின்றார். ஆற்றைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி எங்கள் எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"என்ன, இப்ப ஒருத்தரும் கேக்கேல்லையோ?"

அந்த ஊரிலேயே பேச்சுக்கு அஞ்சாத புலான் வாயைத் திறந்தபடி நின்றார். யூலிக்கு மட்டும்தான் அது சாதாரண கேள்வியாகப் பட்டிருக்க வேண்டும். பெரியவர் கேட்கச் சொல்கிறார், கேட்டுவிட்டாள்.

"பாக், கெ மானா?"

ஹெர்மன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "கேட்டுப்போட்டாள்! இனி எப்பிடிப் போறது? டேய், வள்ளத்தைக் கட்டடா."

சிரிப்பு ஆற்றின் அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்தது.

வள்ளங்கள் பொழுது சாயத்தான் வந்தன. ஆறு வற்றியதால் வழியெல்லாம் இழுத்து வந்திருக்கிறார்கள். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் ஈரமாக, சேறாக, பசியோடு பிள்ளைகள். மார்தா அவர்களை அப்படியே வகுப்புக்கு ஓட்டிக்கொண்டு போனார். நான் விளக்கைப் போட்டேன். வாங்குகள் போதாமல் சிலர் நிலத்தில் இருந்தார்கள். ஹெர்மன் வாசலில் நின்று ஒவ்வொரு தலையாக விரல் நீட்டி எண்ணினார். யூலியிடம் வந்ததும் விரலை மடக்கி, "இது அரை" என்றார்.

மார்தா வாசலுக்கு வந்தார். "காலமை ஆறு பேரைத்தானே கண்டனீங்கள், பாக்."

"நான் ஆத்தைத் தாண்டினாப் பிறகுதான் கணக்கு முடியும்." குரலைத் தாழ்த்தினார். "ஆனால் அடுத்த முறை நான் வருவனோ தெரியாது. வாறவருக்குப் பறவையும் தெரியாது, இந்தப் பிள்ளையின்ரை கேள்வியும் தெரியாது. வெட்டுக் காலத்துக்கு விடுமுறையை மாத்து."

"விடுமுறை தலைநகரத்திலை இருந்தெல்லோ வாறது. உங்களிட்டைக் கேக்கலாமோ?"

"கேட்டால் இல்லையெண்டுதான் சொல்லுவன். கேக்காமல் மாத்து."

ஆறு அவரைப் பிறகு இரண்டு நாள் போகவிடவில்லை. மழை பெய்து தண்ணீர் ஏறும்வரை ஒவ்வொரு வீட்டிலும் இருந்து ஒழுங்காகச் சாப்பிட்டார். விரலால் தொடுகிற வேலையெல்லாம் இல்லை.

* * *

அடுத்த கிழமை என் முறை. ஜாலுங் எஞ்சினை ஆயத்தமாக்கிக்கொண்டு இருந்தார். அம்மாவின் போர்வையைப் புலானிடம் கொடுத்தேன். அந்த வெக்கையில் கம்பளிப் போர்வை எதற்கென்று அவர் கேட்கவில்லை, உடனே தோளில் போட்டுக்கொண்டார். எல்லா வீட்டுத் தட்டையும் சாப்பிட்டே முடித்தேன். படியில் கால் வைத்தேன்.

"கெ மானா?"

ஒரு குரல் இல்லை. விறாந்தை முழுக்க, பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்பட, ஒத்திகை பார்த்துவைத்த ஒரே குரல். திரும்பி வந்து பாயில் இருந்தேன். தண்ணீர், கோப்பி, கட்டிச் சோறு. மறுபடி எழும்பினேன். மறுபடி கேட்டார்கள். மறுபடி இருந்தேன். ஜாலுங் கீழேயிருந்து, கசெட்டில் இல்லாத தன் சொற்களை எல்லாம் வரிசையாக எடுத்துவிட்டார்.

மூன்றாம் முறை துறைவரை விட்டார்கள். வள்ளத்தில் ஏறி இருந்தேன். எனக்கு அழுகை வந்தது. யாராவது கேட்கமாட்டார்களா என்றுகூட இருந்தது. கேட்டால் இறங்கிவிடலாம்.

யூலி தண்ணீரின் விளிம்புக்கு வந்தாள். அதே சிவப்புப் பாவாடை, அதே வெள்ளைச் சட்டை. பின்னால் புலான் அவள் முதுகில் விரலால் ஒரு குத்துக் குத்தினார். அவள் வாயைத் திறந்தாள், நான் இறங்குவதற்கு ஒரு காலைத் தூக்கினேன்.

"அக்கா, தூரமோ?"

கரையில் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் தூக்கிய காலை மெதுவாகக் கீழே வைத்தேன்.

"ஓம் யூலி" என்றேன். "கொஞ்சம் தூரம்தான்."

ஜாலுங் எஞ்சின் கயிற்றை இழுத்தார்.